பழைய ஆர்கேட் மெஷின் ஆன் ஆகவில்லையா? கேம் போர்டில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

செகண்ட்ஹேண்டில் வாங்கிய ஆர்கேட் மெஷின் ஆன் ஆகவில்லை என்றதும் எல்லோருடைய பார்வையும் கேமை ஓட்டும் சர்க்யூட்டான கேம் போர்டின் மேல்தான் போகும். உள்ளே இருப்பதிலேயே புரியாத பொருள் அதுதான் என்பதால் பழியும் அதன் மேல் விழுகிறது. ஆனால் போர்டு கடைசியில் பார்க்க வேண்டிய ஒன்று. முதலில் கரண்ட் வரும் வழி, அடுத்து டிசி வோல்டேஜ், பிறகு கனெக்டர், மானிட்டர், அதற்கும் பிறகுதான் போர்டு. இந்த வரிசையை மாற்றினால் நேரம் வீணாவதோடு முடியாது. சப்ளையைச் சரிபார்க்காமல் வேறு நல்ல போர்டை மாட்டிப் பார்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். நாற்பது வயதான போர்டுகளுக்கு மாற்று கிடைப்பதே அரிது, ஆகவே இதில் அவசரம் கூடவே கூடாது.

மெஷின் வந்து இறங்கியதும் பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை பரபரக்கும். அடக்கிக்கொள்ளுங்கள். ஆண்டுக்கணக்கில் கிடங்கில் கிடந்து, வண்டியில் குலுங்கி வந்த பொருள் அது. பின்கதவைத் திறந்து, டார்ச் அடித்து, அடிப்பலகையிலிருந்து மேல் வரை ஒருமுறை பாருங்கள். எலி கடித்த வயர், கழன்று விழுந்த திருகாணி, காசுப் பெட்டியிலிருந்து தெறித்து பவர் சப்ளையின் மேல் கிடக்கும் நாணயம், கருகிய டெர்மினல், டேப் சுற்றிய ஒட்டுவேலை, எர்த் முனை வெட்டப்பட்ட பிளக் என்று வோல்டேஜ் ஏற்றாமலேயே தெரியும் குறைகள் நிறைய இருக்கும். பிளக்கின் எர்த் பின்னிலிருந்து காயின் டோரின் உலோகத்துக்கும், கண்ட்ரோல் பேனலின் உலோகத்துக்கும் மல்டிமீட்டரில் ஓம் அளந்து பாருங்கள். ஒரு ஓமுக்குள் வர வேண்டும். வரவில்லை என்றால் எர்த்தைச் சரிசெய்த பிறகே மற்ற வேலை. விளையாடுகிறவர் கை படும் இடங்கள் இவை.

மெஷின் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். உட்கார்ந்து விளையாடும் ஜப்பானிய கேண்டி கேபினட்டுகள், உதாரணமாக சேகாவின் ஆஸ்ட்ரோ சிட்டி, 100 வோல்ட்டில் ஓடுபவை. அமெரிக்க மெஷின்கள் 115 முதல் 120 வோல்ட் வரை. 230 வோல்ட் உள்ள இடத்தில் இவற்றை நேரே சொருகினால் ஃபியூஸ், வேரிஸ்டர், முதன்மைக் கெப்பாசிட்டர் என வரிசையாகப் போகும். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டைப் படியுங்கள். மெயின்ஸை டிசியாக மாற்றும் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் உள்ள 115/230 சுவிட்ச் எந்தப் பக்கம் தள்ளியிருக்கிறது என்றும் பாருங்கள். ஆனால் அந்த சுவிட்ச் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டுமானது. மானிட்டரும் டியூப் லைட்டின் சோக்கும் தனி வழியில் கரண்ட் எடுக்கும், அதனால் மெஷின் முழுவதற்குமான டிரான்ஸ்ஃபார்மர் தேவையா என்பதைத் தகட்டைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

பிக்சர் டியூப் விஷயத்தில்

பிக்சர் டியூப் உள்ள மெஷின் என்றால், கை வைக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். 19, 20 அங்குல கலர் டியூபின் ஆனோடில், அதாவது பக்கவாட்டில் ரப்பர் மூடி ஒட்டியிருக்கும் இடத்தில், இயங்கும்போது இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் இருக்கும். ஆஃப் செய்த பிறகும் அதில் சார்ஜ் தங்கும். பிளக்கை உருவிவிட்டு, நல்ல இன்சுலேஷன் பிடியுள்ள தட்டையான ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டில் ஒரு கிளிப் வயரை மாட்டி, மறுமுனையை டியூபின் பின்புறம் ஓடும் பின்னல் எர்த் வயரில் மாட்டுங்கள். சேஸிஸில், அதாவது மானிட்டரின் சர்க்யூட் போர்டில், கண்ட இடத்தில் மாட்டக் கூடாது, டியூபின் அந்தப் பின்னலில்தான் மாட்ட வேண்டும். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் முனையை ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து உலோகக் கொக்கியைத் தொடுங்கள். சில நிமிடம் விட்டு இன்னொரு முறை செய்யுங்கள். டியூப் தானே ஒரு கெப்பாசிட்டர் என்பதால், ஒருமுறை இறக்கிய பிறகும் கொஞ்சம் சார்ஜ் திரும்ப ஊறி வரும்.

இதைவிட ஆபத்து சேஸிஸில் இருக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர். அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 120 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் சுமார் 170 வோல்ட் டிசி, 230 வோல்ட்டை ரெக்டிஃபை செய்தால் சுமார் 325 வோல்ட் டிசி. பழுதாகி ஓடாத சேஸிஸில் இந்தச் சார்ஜைக் குடிக்க ஆளில்லை, அப்படியே நிற்கும். மல்டிமீட்டரால் அளந்து, 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை, சில ஆயிரம் ஓம் மதிப்பில், குறுக்கே வைத்து இறக்கிவிட்டுத் தொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்தாலும் இதே விதிதான்.

சீரிஸ் பல்பு

முதல் முறை கரண்ட் கொடுக்கும்போது நேரே கொடுக்காதீர்கள். ஃபேஸ் வயரில் தொடராக ஒரு குண்டு பல்பைப் போட்டுக் கொடுங்கள். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 100 வாட், மானிட்டரையும் சேர்த்து என்றால் 150 முதல் 200 வாட். இழை உள்ள பல்பு மட்டுமே உதவும், ஹாலஜன் ஆனாலும் சரி. எல்இடி, சிஎஃப்எல் உதவாது. ஆன் செய்ததும் பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து மங்கினால் ஷார்ட் இல்லை. அந்த முதல் வெளிச்சம் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆவதாலும், டியூபில் ஏறிய காந்தத்தை நீக்கும் டீகாஸ் காயிலாலும் வருவது. மங்காமல் முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே எங்கோ நேரடி ஷார்ட். மானிட்டர் பிளக்கைக் கழற்றி ஒருமுறை, எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி ஒருமுறை, லைட்டைக் கழற்றி ஒருமுறை என்று பார்த்தால் எந்தக் கிளை என்று தெரிந்துவிடும். ஒரு ஃபியூஸ் கூட வீணாகாது. பல்பு வழியாக எஸ்எம்பிஎஸ் சில சமயம் கிளம்ப முடியாமல் திணறி டிக் டிக் என்று அடிக்கும், அதைப் பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஷார்ட் இல்லை என்பது தெரிந்ததும் பல்பை எடுத்துவிடுங்கள்.

ஒன்றுமே இல்லை: லைட் இல்லை, சத்தம் இல்லை

மெயின்ஸ் வரும் வழியைத் துண்டு துண்டாகத் தொடருங்கள். பவர் சுவிட்சே எங்கே என்று தெரியாமல் தேடுவதும் நடக்கும். பல கேபினட்டுகளில் அது மேல் மூடியின் பின்விளிம்பிலோ, பின்புறம் அடியிலோ, கண்ட்ரோல் பேனலுக்குக் கீழோ ஒளிந்திருக்கும். அடுத்தது பின்கதவின் இன்டர்லாக் சுவிட்ச். கதவைத் திறந்தால் கரண்டை வெட்டும் பட்டன் அது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மெஷின் ஓடவில்லை என்று தேடுவதில் பயனில்லை. பெரும்பாலான இன்டர்லாக்குகளில் பட்டனை வெளியே இழுத்தால் சர்வீஸ் நிலையில் நின்று கரண்டை விடும். சில மெஷின்களில் காயின் டோரிலும் ஒன்று உண்டு. கதவு கொஞ்சம் வளைந்திருந்தால் மூடிய பிறகும் பட்டன் அமுங்காது.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள். ஹோல்டரிலிருந்து கழற்றி ஓமில் அளக்க வேண்டும். இழை முழுதாகத் தெரியும், ஆனால் உலோகத் தொப்பிக்குள் அறுந்திருக்கும். ஹோல்டர் கிளிப்பில் பச்சை பிடித்திருந்தால் நல்ல ஃபியூஸும் வேலை செய்யாது. கண்ணாடி உள்பக்கம் கருத்தோ வெள்ளி பூசியது போலவோ இருந்தால் கடும் ஷார்ட். இழை நடுவில் மட்டும் சுத்தமாக அறுந்திருந்தால் மெல்லிய ஓவர்லோடு அல்லது வயது. மானிட்டர் வழியில் ஸ்லோ ப்ளோ ஃபியூஸ் கேட்டிருந்தால் அதையே போடுங்கள், ஆன் செய்யும் நொடியில் டீகாஸ் இழுக்கும் கரண்டை சாதாரண ஃபியூஸ் தாங்காது. அதிக ஆம்பியர் ஃபியூஸ் போடுவதும், வெள்ளித்தாள் சுற்றுவதும் வேண்டாம். முன்பு வைத்திருந்தவர் அப்படி ஏதாவது செய்திருக்கிறாரா என்றும் ஃபியூஸின் எண்ணைப் படித்து மெஷினின் லேபிளோடு ஒப்பிடுங்கள்.

ஃபியூஸ் போட்ட நொடியே போகிறது, மானிட்டர் பிளக்கைக் கழற்றினால் நிற்கிறது என்றால், சேஸிஸை முழுதாகக் குடைவதற்கு முன் டீகாஸ் காயிலின் பிளக்கை மட்டும் உருவிப் பாருங்கள். அதோடு சேர்ந்த பாசிஸ்டர் (சூடானால் ரெசிஸ்டன்ஸ் கூடும் பாகம்) ஷார்ட் ஆவது அடிக்கடி நடப்பது. அதுவும் இல்லை என்றால் பிரிட்ஜ் டயோடுகள்.

மேலே கேமின் பெயர்ப்பலகையான மார்க்கீயின் லைட் மட்டும் எரிகிறது, மற்றதெல்லாம் இருட்டு என்றால் மெயின்ஸ் வந்துவிட்டது என்று மட்டும்தான் பொருள். அந்த லைட் மெயின்ஸிலிருந்து நேரே எரிவது. டிசி இருக்கிறதா என்பதற்கு அது சாட்சி ஆகாது.

5 வோல்ட்

பெரும்பாலான மெஷின்களின் தலைவிதி இங்கேதான் தீர்மானமாகும்.

ஆர்கேட் எஸ்எம்பிஎஸ் மூன்று வோல்டேஜ் கொடுக்கும்: +5, +12, -5. வழக்கமாகக் கிடைப்பது 5 வோல்ட்டில் 15 ஆம்பியர், 12 வோல்ட்டில் 5 ஆம்பியர், -5ல் 1 ஆம்பியர். லாஜிக் எல்லாம் 5ல். 12 பெரும்பாலும் சவுண்ட் ஆம்ப்ளிஃபையருக்கும் காயின் கவுண்டருக்கும். -5 பல போர்டுகளுக்குத் தேவையே இல்லை, ஆனால் 4116 ரேம் வைத்த எண்பதுகளின் ஆரம்பகாலப் போர்டுகளுக்கு அது உயிர். மற்ற வோல்டேஜ் இருந்து -5 மட்டும் இல்லாமல் போனால் அந்த ரேம்கள் சூடாகிச் செத்துப்போகும். கம்ப்யூட்டர் ஏடிஎக்ஸ் சப்ளையை மாற்றாகப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், புதிய ஏடிஎக்ஸ்களில் -5 கிடையாது.

எஸ்எம்பிஎஸ் டிக் டிக் என்று சீராக அடித்தால் அது ஓவர்லோடைக் கண்டு கிளம்புவதும் நிற்பதுமாக இருக்கிறது. +5, +12 வயர்களை டெர்மினலிலிருந்து கழற்றுங்கள். டிக் நின்றால் ஷார்ட் வெளியே. நிற்காவிட்டால் சப்ளை போய்விட்டது. சில சப்ளைகள் லோடே இல்லாமல் ஒழுங்காக ஓடாது, அதனால் தீர்ப்பு சொல்லும் முன் +5க்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 12 வோல்ட் 21 வாட் கார் பல்பு ஒன்றைப் போடுங்கள், சுமார் ஒரு ஆம்பியர் இழுக்கும். போய்விட்டது என்று தெரிந்தால் திறந்து பழுது பார்ப்பதைவிடப் புதிதாக மாற்றுவதையே சொல்வோம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸின் கெப்பாசிட்டர்கள் காய்ந்திருக்கும், அது 5க்குப் பதில் 7 கொடுத்துவிட்டால் இழப்பது போர்டை.

ஷார்ட் வெளியே என்றால் எல்லாவற்றையும் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். பழி போர்டின் மேல் விழும் இடம் இதுதான், ஆனால் காயின் டோர் பல்பின் வயர், லைட் எரியும் பட்டன்களின் வயர், உலோகத்தில் உரசித் தோல் போன ஹார்னஸ் (வயர்க் கட்டு) ஆகியவையும் சமமாகக் குற்றவாளிகள். போர்டைத் தனியே எடுத்து +5க்கும் கிரவுண்டுக்கும் ஓம் அளந்தால் பத்துகளிலோ நூறுகளிலோ வர வேண்டும். ஒன்றிரண்டு ஓம் என்றால் ஷார்ட். அப்போது முதல் சந்தேகம் மழைத்துளி வடிவ டான்டலம் கெப்பாசிட்டர்கள் மேல். அவை கெட்டால் பெரும்பாலும் ஷார்ட்டாகத்தான் கெடும், 12 வோல்ட் வழியில் இருப்பவை இன்னும் அதிகமாக.

இனி வோல்டேஜை எங்கே அளப்பது என்ற கேள்வி. எஸ்எம்பிஎஸ் டெர்மினலில் 5.1 காட்டுகிறது, ஆகவே சப்ளை நன்று என்று முடிவு கட்டிவிட்டுத்தான் பலர் நாள்கணக்கில் போர்டில் அலைகிறார்கள். போர்டு 5 ஆம்பியர் இழுக்கிறது, வயரிலும் கனெக்டரிலுமாகச் சேர்த்து 0.1 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். 0.5 வோல்ட் வழியிலேயே கரைந்துவிடும். போர்டுக்குக் கிடைப்பது 4.6. 74எல்எஸ் சில்லுகளுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் எல்லை 4.75 முதல் 5.25 வரை. 4.6ல் சில சில்லுகள் ஓடும், சில ஓடாது. போர்டு ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும், அல்லது குப்பைப் படம் காட்டும், அல்லது உயிரே இல்லாதது போல் கிடக்கும்.

எனவே அளவு போர்டின் மேலேயே எடுக்கப்பட வேண்டும், போர்டு மாட்டி ஓடிக்கொண்டிருக்கும் நிலையில். கனெக்டரிலிருந்து தொலைவில் உள்ள ஒரு 14 கால் லாஜிக் சில்லைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான 74 வரிசை சில்லுகளில் 7வது கால் கிரவுண்ட், 14வது கால் +5. 16 கால் என்றால் 8ம் 16ம். அங்கே 5.0 முதல் 5.1 வரை வர வேண்டும். குறைந்தால் இழப்பு எங்கே என்று பிரித்துப் பாருங்கள்: கறுப்பு புரோபை எஸ்எம்பிஎஸ்ஸின் கிரவுண்ட் டெர்மினலிலும், சிவப்பு புரோபை சில்லின் கிரவுண்ட் காலிலும் வைத்தால் வரும் எண் கிரவுண்ட் வழியின் இழப்பு. +5 டெர்மினலுக்கும் சில்லின் +5 காலுக்கும் இடையே வரும் எண் +5 வழியின் இழப்பு. ஒவ்வொன்றும் 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. கிரவுண்ட் பக்க இழப்பை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் பாதித் தொல்லை அங்கேதான்.

இழப்பைச் சரிக்கட்ட எஸ்எம்பிஎஸ்ஸின் அட்ஜஸ்ட் திருகைத் திருப்பி 5.6 ஆக ஏற்றுவது தவறான வழி. நாளை குறைவாக இழுக்கும் போர்டை மாட்டினால் அந்த முழு வோல்டேஜும் அதன் தலையில் இறங்கும். அதே திருகு +12ஐயும் சேர்த்து ஏற்றும். திருகை 0.1, 0.2 வோல்ட் அளவுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். மீதி இழப்புக்கு வயரை மாற்றுங்கள், கிரிம்ப் முனைகளை மாற்றுங்கள், கனெக்டரைச் சுத்தம் செய்யுங்கள்.

மீட்டரை ஏசி ரேஞ்சில் வைத்து அதே இடத்தில் அளந்தால், டிசியில் கலந்திருக்கும் ஏசி அலையான ரிப்பிள் ஓரளவு தெரியும். 50 மில்லிவோல்ட்டுக்கு மேல் போனால் சப்ளையின் கெப்பாசிட்டர்களைச் சந்தேகியுங்கள். சில மலிவு மீட்டர்கள் டிசியை ஏசி ரேஞ்சில் அளந்தால் இரண்டு மடங்கு காட்டிவிடும், ஆகவே முதலில் ஒரு பேட்டரியில் வைத்து உங்கள் மீட்டர் பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கனெக்டர்

போர்டையும் கேபினட்டையும் இணைக்க 1985ல் வந்த பொது முறையான ஜாமாதான் பெரும்பாலான மெஷின்களில் இருக்கும். பக்கத்துக்கு 28 என 56 முனைகள், 3.96 மில்லிமீட்டர் இடைவெளி. பாகங்கள் இருக்கும் பக்கம் எண்களாலும், சால்டர் பக்கம் ஆங்கில எழுத்துகளாலும் குறிக்கப்படும். 1, 2 முனைகளும் அவற்றின் மறுபக்கமும் கிரவுண்ட். 3, 4ம் மறுபக்கமும் +5. 5ம் மறுபக்கமும் -5. 6ம் மறுபக்கமும் +12. 7 தவறாகச் சொருகாமல் இருக்க வைத்த பூட்டு இடம். 27, 28ம் மறுபக்கமும் மறுபடி கிரவுண்ட். +5க்கு நான்கு முனை கொடுத்திருப்பது கரண்டைப் பகிர்ந்துகொள்ளத்தான். இரண்டு முனை துருப்பிடித்தால் மீதி இரண்டு முழுச் சுமையையும் தாங்கிச் சூடாகி, அவையும் கருகும். கனெக்டரின் பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை, முனைகளின் ஸ்பிரிங் இறுக்கம் போய்விட்டது, புதியது போடுங்கள். போர்டின் விளிம்பில் உள்ள உலோக விரல்களை வெள்ளை அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். உப்புத்தாள் வேண்டாம், பூச்சு போய்விடும்.

7ல் இருக்க வேண்டிய பூட்டுத் துண்டு பல பழைய ஹார்னஸ்களில் தொலைந்திருக்கும். அப்போது போர்டைத் தலைகீழாகச் சொருக முடியும். கிரவுண்டுகள் இரண்டு முனையிலும் இருப்பதால் அவை பொருந்திவிடும். ஆனால் 6ல் வரும் 12 வோல்ட் போர்டின் 23வது முனையில், அதாவது ஒரு பட்டனின் இன்புட்டில் பாயும். முதலில் சாவது இன்புட் சில்லு. ஒரு பூட்டுத் துண்டு வாங்கிச் சொருகிவிடுங்கள்.

கனெக்டர் பொருந்துகிறது என்பதாலேயே ஜாமா என்று எண்ணவும் கூடாது. 1985க்கு முந்தைய போர்டுகளுக்கு ஒவ்வொரு கம்பெனியும் தனி முறை வைத்திருந்தது. 1980ன் பேக்மேன் போர்டு ஏசியை வாங்கித் தன் மேலேயே ரெகுலேட் செய்துகொள்ளும். பழைய அட்டாரி மெஷின்களில் 5 வோல்ட்டுக்கு சென்ஸ் வயர் உண்டு. போர்டு முனையில் வோல்டேஜ் குறைவதைப் பார்த்து ரெகுலேட்டர் தானே ஏற்றிக் கொடுக்கும். கனெக்டர் அழுக்கானால் அது ஏற்றிக்கொண்டே போகும், ரெசிஸ்டர்கள் கருகும். அங்கே கனெக்டரைச் சுத்தம் செய்யாமல் ரெகுலேட்டர் போர்டை மட்டும் பழுது பார்த்தால் மறுபடியும் கருகும். அட்டாரியின் பவர் பிரிக்கில் இருக்கும் 27,000 மைக்ரோஃபாரட் நீலக் கெப்பாசிட்டரையும் அளந்து பாருங்கள், அதன் வயது மெஷினின் வயது.

காயின் டோரில் டெஸ்ட் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருந்தால் கேம் வராமல் டெஸ்ட் திரையிலேயே நிற்கும். மெஷினை ஆட்டினால் மூடும் டில்ட் சுவிட்ச் எப்போதும் மூடியே இருந்தாலும் சில போர்டுகள் நகராது. அந்த இரண்டு சுவிட்சுகளின் வயர்களையும் கழற்றிவிட்டு ஒருமுறை ஆன் செய்தால் இரண்டும் தெளிவாகும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை

இது நல்ல செய்தி, போர்டு பெரும்பாலும் ஓடுகிறது. அறையை இருட்டாக்கி டியூபின் கழுத்தைப் பாருங்கள். ஹீட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்கிறதா? திரையின் அருகே கையைக் கொண்டுபோனால் முடி சிலிர்க்கிறதா? இரண்டும் இருந்தால் ஹைவோல்டேஜ் இருக்கிறது. ஹைவோல்டேஜை உண்டாக்கும் ஃப்ளைபேக்கில், டிவி மெக்கானிக்குகள் எல்ஓடி என்பார்களே அதில், ஸ்கிரீன் என்று எழுதிய திருகைச் சற்றே ஏற்றிப் பாருங்கள். சாய்கோடுகளுடன் மங்கலான வெளிச்சம் வந்தால் மானிட்டர் உயிரோடு இருக்கிறது, வீடியோ வரவில்லை. ஜாமாவில் சிவப்பு 12வது முனை, நீலம் 13, வீடியோ கிரவுண்ட் 14, பச்சையும் சிங்க்கும் 12, 13ன் மறுபக்கங்களில். அந்த வயர்களையும் மானிட்டர் பிளக்கையும் கண்டினியூட்டி பாருங்கள். திருகைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறக்காதீர்கள்.

எல்சிடி திரை மாட்டிய மெஷின் என்றால் விஷயம் வேறு. பழைய போர்டுகள் 15 கிலோஹெர்ட்ஸில் படம் அனுப்பும், சாதாரண கம்ப்யூட்டர் மானிட்டர் 31க்குக் கீழ் ஏற்காது. நடுவில் கன்வெர்ட்டர் வேண்டும். பல கேம் அடங்கிய புதிய போர்டுகளில் இந்த இரண்டையும் தேர்ந்தெடுக்கும் டிப் சுவிட்ச் இருக்கும், அது மாறியிருந்தாலே திரை இருட்டுதான்.

ஹீட்டரும் இல்லை, சிலிர்ப்பும் இல்லை என்றால் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து சேஸிஸுக்கு ஏசி வருகிறதா என்று அளந்து, பிறகு பி பிளஸ், அதாவது சேஸிஸின் முதன்மை டிசி வோல்டேஜ். பல சேஸிஸ்களில் இது 100க்கும் 140க்கும் இடையே, சரியான எண் அந்த மாடலின் மேனுவலில் இருக்கும். அந்த டிரான்ஸ்ஃபார்மரை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். பழைய சேஸிஸ்களின் கிரவுண்ட் மெயின்ஸோடு நேரே தொடர்புள்ளது, நடுவில் அது இல்லாமல் கேம் போர்டின் கிரவுண்டை இணைத்தால் போர்டோடு சேர்த்து உங்களுக்கும் ஆபத்து.

பி பிளஸ் இல்லை, ஃபியூஸ் போயிருக்கிறது என்றால் ஹரிசான்டல் அவுட்புட் டிரான்சிஸ்டரை அளங்கள். கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இரண்டு திசையிலும் பூஜ்யம் காட்டினால் ஷார்ட். ஒரு திசையில் மட்டும் டயோடு போலக் காட்டினால் பயப்பட வேண்டாம், பலவற்றில் உள்ளேயே டயோடு உண்டு. புதியதை உடனே போட்டு ஆன் செய்தால் அதுவும் போகலாம். டிரான்சிஸ்டரைக் கழற்றிய நிலையில் பி பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் 60 வாட் குண்டு பல்பைப் போட்டு வோல்டேஜ் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் ரெகுலேட்டர் நன்று, சந்தேகம் ஃப்ளைபேக் மேல். ஏறிப் போனால் டிரான்சிஸ்டரைக் கொன்றதே ரெகுலேட்டர்தான்.

கெப்பாசிட்டர் கிட் வாங்கி எல்லாவற்றையும் மாற்றிவிடலாம் என்று பலர் அங்கிருந்தே தொடங்குகிறார்கள். மாற்றுவது நல்லதுதான், 105 டிகிரி தரம், அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்று அதிக வோல்டேஜ். ஆனால் செத்த சேஸிஸ் அதனால் எழுந்து நிற்பது குறைவு. அதற்கு முன் சேஸிஸைத் திருப்பி, லென்ஸ் வைத்து, ஃப்ளைபேக் கால்கள், ஹீட்சிங்க்கில் மாட்டிய டிரான்சிஸ்டர் கால்கள், கனெக்டர் பின்கள் ஆகியவற்றின் சால்டரைப் பாருங்கள். காலைச் சுற்றி மெல்லிய வளையமாக விரிசல் தெரிந்தால் அதுதான் டிரை சால்டர். பழையதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள்.

கடைசியாகப் போர்டு

போர்டு முனையில் 5.0, திரையில் குப்பை எழுத்துகள், அல்லது அரை நொடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும் படம். இப்போதுதான் போர்டின் முறை. பிளக்கை உருவிவிட்டு சாக்கெட்டில் இருக்கும் சில்லுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, கால்களைச் சுத்தம் செய்து, பள்ளம் இருக்கும் பக்கம் மாறாமல் திரும்பப் போடுங்கள். கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கேமின் புரோகிராம் இருக்கும் ஈப்ராம் சில்லைத் திருப்பிப் போட்டால் சில நொடியில் கொதித்துச் செத்துவிடும். அதன் கண்ணாடிச் சன்னலில் ஸ்டிக்கர் உரிந்திருந்தால் மூடுங்கள். புரோகிராமர் இருந்தால் ஈப்ராமைப் படித்து, பழைய கேம்களைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மேம் எமுலேட்டர் அந்த கேமுக்குத் தரும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். எந்த ஈப்ராம் கெட்டது என்பது ஐயமறத் தெரியும்.

அடுத்து, சில்லின் காலில் சிக்னல் இருக்கிறதா என்று காட்டும் லாஜிக் புரோப். சிபியூ இசட்80 என்றால் 6வது கால் கிளாக், 26 ரீசெட். 68000ன் 64 கால் வடிவத்தில் 15 கிளாக், 17 ஹால்ட், 18 ரீசெட். கிளாக் துடிக்க வேண்டும். ரீசெட் ஆன் செய்த பின் உயர்ந்து உயரத்திலேயே நிற்க வேண்டும். ரீசெட் எப்போதும் கீழேயே இருந்தால் ரீசெட் சர்க்யூட்டின் கெப்பாசிட்டரும் அதைச் சார்ந்த சில்லும். சீராக விட்டுவிட்டுத் துடித்தால் அது வாட்ச்டாக். புரோகிராம் தடுமாறுவதைக் கண்டு சிபியூவை மீண்டும் மீண்டும் எழுப்புகிறது, அப்போது சந்தேகம் ஈப்ராம், ரேம், அவற்றுக்கு நடுவே உள்ள பஃபர்கள். ஃபுஜிட்சுவின் அக்காலத்து 74 வரிசை சில்லுகள் அவுட்புட் செத்துப்போவதற்குப் பெயர் போனவை, போர்டில் அவை இருந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்.

பேட்டரியை மறக்கவே கூடாது. நியோ ஜியோ எம்விஎஸ் போர்டுகளில் இருக்கும் நிக்கல் காட்மியம் பேட்டரி கசிந்தால் சுற்றியுள்ள தடங்களை அரித்துவிடும். போர்டு வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும் முதலில் அதை வெட்டி எடுங்கள். கசிவு காரம், அதனால் வினிகரால் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு ஆல்கஹால். அந்த இடத்தில் சாதாரண லித்தியம் காயின் செல்லை நேரே போடாதீர்கள். போர்டில் சார்ஜ் செய்யும் சர்க்யூட் உண்டு, தடுக்கும் டயோடு இல்லாமல் போட்டால் வெடிக்கலாம்.

கேப்காம் 1993ல் கொண்டுவந்த சிபிஎஸ்-2 போர்டுகளில் கதையே தலைகீழ். அதில் கேமின் டிகிரிப்ஷன் சாவியையே 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரிதான் தாங்கி நிற்கிறது. அது தீர்ந்தால் வெறும் ஒற்றை நிறத் திரைதான், கேம் வராது. அதை அவசரத்தில் வெட்டி எடுக்கக் கூடாது. வோல்டேஜை அளந்து, மாற்றும்போது இணையாக வேறு 3.6 வோல்ட் கொடுத்துக்கொண்டே மாற்றுங்கள். சாவி ஏற்கெனவே போயிருந்தாலும் போர்டைத் தூக்கி எறிய வேண்டாம், மைக்ரோகண்ட்ரோலர் வழியாகச் சாவியைத் திரும்ப எழுதும் முறை இப்போது உண்டு.

கேம் வந்துவிட்டது என்றால் பின்கதவை மூடி ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். கதவு திறந்திருக்கும்போது வராத பழுது உள்ளே சூடு ஏறியதும் வரும். அந்த ஒரு மணிக்குப் பிறகு போர்டு முனையில் +5, +12ஐ மறுபடி அளந்து, தேதியோடு ஒரு ஸ்டிக்கரில் எழுதிப் பின்கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை மெஷின் அடம் பிடித்தால் ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கையில் இருக்கும்.